அரம் தொடாத தவக்காலம்

என் கணவர் இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுவாரம் அவருடைய துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கப் போனேன். பழைய போர்வையில் சுற்றி, மேலும் கீழும் சணல் கயிற்றால் கட்டியிருந்தேன். பக்கத்துத் தோட்டக்காரரின் லோடு ஆட்டோவில் முன்சீட்டில் உட்கார்ந்து, அதை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். குழலின் வாய் என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. நத்தம் ரோட்டில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அது என் தலையில் லேசாக இடித்தது. வலித்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த நாட்களில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. சாம்பாரில் உப்பே போடவில்லை என்பதைப் பெங்களூரிலிருந்து வந்திருந்த மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

துப்பாக்கி என்றதும் சினிமாவில் வருவதை நினைக்க வேண்டாம். இது என் மாமனார் காலத்திலிருந்து வீட்டில் இருக்கும் ஒற்றைக்குழல். குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, குண்டைப் போட்டு, மேலே மறுபடியும் அடைத்து, இரும்புக் கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். எங்கள் பக்கம் இதைக் ‘கெட்டிக்கிறது’ என்பார்கள். ஒருமுறை வெடித்தால் அவ்வளவுதான், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்குள் பன்றி சோளத்தைத் தின்று முடித்து, ஏப்பமும் விட்டுவிட்டுச் சிறுமலை ஏறிவிடும். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசென்ஸ் கொடுத்திருந்தார்கள். விரட்டலாம், கொல்லக் கூடாது. பன்றிகளுக்கும் இந்தச் சட்டம் தெரியும் என்பது என் நெடுநாள் சந்தேகம்.

லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் துப்பாக்கியை ஒப்படைத்தாக வேண்டும். மகளுக்கு அது வீட்டில் இருப்பதே பிடிக்கவில்லை. “நான் ஊருக்குப் போறதுக்குள்ள அதக் குடுத்துட்டு வந்துரும்மா” என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான். சொன்னார்கள் என்று கிளம்பினேன்.

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ஏட்டையாவை எல்லோரும் ரைட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். தேர்தல் வரும்போதெல்லாம் என் கணவர் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைத்து, முடிந்ததும் வாங்கிவருவார். அதனால் ரைட்டருக்கு அவரை நன்றாகத் தெரியும். என்னை உட்காரச் சொல்லி, டீ வாங்கிவரச் சொல்லி, வருத்தத்தையும் சொன்னார். பிறகு போர்வையைப் பிரித்தார். குழலுக்கு அடியில் செருகியிருந்த கம்பியை உருவி, குழலின் வாய்க்குள் விட்டார்.

காலித் துப்பாக்கி என்றால் கம்பி அடிவரை போய் ‘டங்’ என்று இரும்பில் மோதும். கம்பியின் தலை குழலின் வாயோடு சமமாக நிற்கும். இந்தச் சத்தத்தை நான் கல்யாணமான புதிதிலிருந்து கேட்டிருக்கிறேன். அன்றைக்கு ‘தொப்’ என்று ஒரு சத்தம்தான் வந்தது. கம்பி ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

ரைட்டர் கையை எடுத்துவிட்டார். வண்டி ஓட்டிவந்த தோட்டக்காரரோடு சேர்த்து நாங்கள் மூன்று பேரும் அந்தக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“டீச்சர், இது கெட்டிச்சிருக்கு” என்றார். மேலே பொறி கொடுக்கும் கேப் வைக்காததால் வெடிக்காது, பயப்பட வேண்டாம் என்று தைரியமும் சொன்னார். நான் பயப்படவில்லை. நான் இதைத் தலையில் இடித்துக்கொண்டே வந்தது தெரிந்தால் இந்த மனிதர் என்ன சொல்வார் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

காலி செய்து கொண்டுவாருங்கள், வாங்கிக்கொள்கிறேன் என்றார். போர்வையைத் திரும்பச் சுற்றும்போது, சாதாரணமாகத்தான், பேச்சுவாக்கில் கேட்டார்.

“வீட்டுக்குள்ள கெட்டிச்சு வைக்கிற ஆளு இல்லையே அவரு. எதுக்கு டீச்சர்?”

அந்தக் கேள்வி மட்டும் எனக்கு உறைத்தது. ஒரு மாதமாக எதுவும் உறைக்காத மண்டையில் அது ஒன்று போய் ஒட்டிக்கொண்டது.

பக்கத்துத் தோட்டக்காரர் மல்லிகை போட்டிருப்பவர். வரப்பு ஒன்றுதான் எங்களுக்கு நடுவில். என் கணவரை அண்ணன் என்பார், என்னை மதினி என்பார். அவரிடமும் இதே மாதிரி ஒரு துப்பாக்கி உண்டு. வண்டியில் திரும்பும்போது அவர் சொன்னது சுலபமான வழி. கண்மாய்க்கரையில் மண்ணைப் பார்த்து ஒரு வெடி வெடித்துவிட்டால் தீர்ந்தது, செத்த நேர வேலை. நான் சரி என்று தலையாட்டினேன். வீட்டுக்குப் பக்கத்தில் வரும்போது, வேண்டாம் தம்பி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு என் கணவருடைய குண்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் மாமனாரிடம் முன்பு வேறொரு துப்பாக்கி இருந்தது. அதன் குழல் அகலமானது. அது போய்விட்டது, அதற்கான குண்டு வார்க்கும் அச்சு மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. அந்த அச்சில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினால் வரும் குண்டு, இப்போதைய குழலுக்குள் நுழையாது. அளவான அச்சு ஒன்று வாங்கித் தொலைக்கலாம் என்று நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். சின்ன அச்சில் வார்த்தால் குண்டு கனம் இல்லாமல் போய்விடும் என்பார். அதனால் பெரிய குண்டாக வார்த்து, நீளத்தைத் தொடாமல் பக்கங்களை மட்டும் அரத்தால் ராவி ராவிக் குழலுக்குள் இறங்கும்படி செய்வார். ஒரு குண்டு முடியப் பல சாயங்காலம் ஆகும். கொஞ்சம் ராவுவார், விரலால் உருட்டிப் பார்ப்பார், குழலின் வாயில் வைத்துப் பார்ப்பார், மறுபடியும் ராவுவார். கட்டைவிரலால் அழுத்தினால் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும், தானாக உருண்டு விழக் கூடாது. அதுதான் அவர் கணக்கு.

இம்புட்டுப் பாடுபட்டுச் செய்த குண்டுகளை என்ன செய்தார் என்று கேட்டால், பால்பவுடர் டப்பாவில் போட்டு மூடி வைத்தார். தோட்டத்தில் வெடிப்பதெல்லாம் வெறும் மருந்தும் நாரும்தான். சத்தத்துக்கே பன்றி ஓடிவிடும். பிறகு குண்டு எதற்கு என்று கேட்டால், “என்னைக்காவது ஒண்ணு முன்னால வந்து நின்னா?” என்பார். எனக்குத் தெரிந்து ஒன்றும் நின்றதில்லை. அவருடைய குண்டு தாக்கிய ஒரே ஜீவன் கண்மாய்க்கரைப் பனைமரம். அதுவும் குறி பார்த்தது பக்கத்து மரத்தை.

ஈயம் விஷம். நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள், என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே ஒரு மனிதர் ஈயத்தை ராவிக்கொண்டிருந்தால் சும்மா இருப்பேனா? சண்டை போட்டுச் சண்டை போட்டு, பேப்பர் விரித்துக்கொண்டு ராவுவது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது என்று ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தோம். பூட்டுக்காரர்கள் வாங்கும் கடையில்தான் அரம் வாங்குவார். ஈயம் மெத்தென்றிருப்பதால் அரத்தின் பல்லில் போய் அடைத்துக்கொள்ளும், பிறகு அரம் ஓடாது. அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். அரத்தின்மேல் சாக்பீஸைத் தேய்த்துவிட்டால் ஈயம் ஒட்டாது.

சாக்பீஸுக்கு அவர் கடைக்குப் போக வேண்டியதில்லை. திண்டுக்கல்லில் பள்ளிக்கூடம் முடிந்து பஸ் பிடித்து நான் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “டீச்சரம்மா, சாக்பீஸ்” என்று கை நீட்டுவார். கரும்பலகையில் எழுதி மீதியான துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்து கொடுப்பேன். அரசாங்கச் சொத்தைத் திருடவைக்கிறீர்கள் என்பேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சேர்த்துச் சொல்லிவிடு என்பார். மற்ற புருஷன்மார் காப்பி கேட்பார்கள், இவர் சாக்பீஸ் கேட்பார். தினமும் எங்கள் முதல் பேச்சு அதுவாகத்தான் இருந்தது.

இந்த வருஷம், தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முன்னால் ஒரு குண்டை ராவத் தொடங்கியிருந்தார். தவக்காலம் பிறந்ததும் அதை நிறுத்திவிட்டார். அரமும் பேப்பரும் மேஜையை விட்டுப் போயின. கூடவே சவரம் செய்வதையும் விட்டுவிட்டார். எங்களில் பல ஆண்கள் தவக்காலத்தில் தாடி விடுவார்கள், கறி மீனைத் தொடமாட்டார்கள், பீடி சிகரெட்டை நிறுத்துவார்கள். ஒறுத்தல் என்பது அதற்குப் பெயர். என் கணவர் அதுவரை எந்தத் தவக்காலத்திலும் எதையும் ஒறுத்தவர் அல்ல. பெரிய வெள்ளியன்று ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்பதற்கே முனகுவார். அப்படிப்பட்டவர் தனக்குப் பிரியமான அரத்தையே ஆண்டவருக்காக விட்டுவிட்டார் என்றதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆசிரியர் அறையில் சொன்னேன். கோயிலில் ஜெபமாலைக்கு வரும் பெண்களிடம் சொன்னேன். அவரிடம் கேட்டேன், “என்ன, ஒறுத்தலா?” என்று. சிரித்துக்கொண்டே தாடியைத் தடவினார். ஆமாம் என்று அவர் சொல்லவில்லை. அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

நாற்பது நாளும் அமைதியாக இருந்தார். பேச்சு குறைந்தது. போர்வெல் தண்ணீர் இறங்கிப்போனது, சோளத்தில் பாதியைப் பன்றி மிதித்துப்போட்டது, எதற்கும் சத்தம் போடவில்லை. அதையும் நான் தவக்காலத்தின் கணக்கிலேயே எழுதிக்கொண்டேன்.

குருத்தோலை ஞாயிறு முடிந்து, செவ்வாய்க்கிழமை காலை தோட்டத்து மோட்டார் அறை வாசலில் விழுந்தார். பக்கத்துத் தோட்டக்காரர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். டாக்டர் சின்ன வயசுக்காரர். கொஞ்ச நாளாகக் கையில் பலக்குறைவு, சாமான் கை நழுவி விழுவது, அப்படி ஏதாவது இருந்ததா என்று என்னைக் கேட்டார். அப்படி ஒன்றும் கிடையாது டாக்டர், நன்றாக இருந்தார் என்று அடித்துச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். மறுநாள் சாயங்காலம் என் கணவர் போய்விட்டார். பெரிய வியாழன் காலையில், சாமியாருக்குச் சாயங்காலப் பூசை வேலை இருந்ததால், அவசரமாக அடக்கம் செய்தோம். நான் அழவில்லை. அழாததைப் பெண்கள் கவனித்தார்கள் என்பதை நானும் கவனித்தேன். வீட்டுக்கு வந்து யாரோ கொடுத்த சோற்றை, யாரோ வைத்த வெஞ்சனத்தோடு தின்றேன். ஆண்டவர் உயிர்த்த பாஸ்கா திருநாள் இந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

ஸ்டேஷனிலிருந்து வந்த அன்று பால்பவுடர் டப்பாவை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். முடித்த குண்டுகள் எல்லாம் பளபளவென்று இருந்தன. தவக்காலத்துக்கு முன்னால் ராவத் தொடங்கிய அந்தப் பாதிக் குண்டை மட்டும் காணவில்லை. மேஜை இழுப்பறையில் இல்லை. அவர் சட்டைப் பைகளில் இல்லை. தோட்டத்துச் சாமான் பெட்டியிலும் இல்லை.

வெறும் சத்தத்துக்குக் கெட்டிப்பதைத் தோட்டத்தில்தான் கெட்டிப்பார். பாஸ்கா இரவில் ஆண்டவர் உயிர்க்கும்போது கோயிலுக்குப் பின்னால் வெடிப்பதும் அவர்தான். ஆனால் அதையும் கோயில் மைதானத்தில் நின்று, பத்துப் பேர் வேடிக்கை பார்க்க, பெரிய வித்தைக்காரர் மாதிரி கம்பியைச் சுழற்றிக்கொண்டுதான் கெட்டிப்பார். கெட்டித்த துப்பாக்கியை வீட்டு வாசற்படிக்குள் கொண்டுவரக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம். அந்தச் சட்டத்தை மீறி, எங்கள் படுக்கையறை மூலையில், நான் பள்ளிக்கூடம் போயிருந்த ஏதோ ஒரு நேரத்தில், அவர் அதைக் கெட்டித்து வைத்திருக்கிறார். காணாமல் போன குண்டு வேறு எங்கே இருக்கும்?

இதை எழுதும்போதுகூடக் கை தயங்குகிறது, ஆனால் நினைத்ததை நினைத்தபடி எழுதுகிறேன். அவர் அதைத் தனக்காகக் கெட்டித்து வைத்திருந்தாரோ என்று நினைத்தேன். நோய்தான் அவரைக் கொண்டுபோனது, அதில் சந்தேகமில்லை. ஆனால் நோய் முந்திக்கொண்டதோ? அந்த நாற்பது நாள் அமைதி ஆண்டவருக்காக இல்லாமல், இனி இருக்க வேண்டாம் என்று முடிவெடுத்த ஒருவருடைய அமைதியோ? ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டே அப்படி ஒரு முடிவை எனக்குத் தெரியாமல் வைத்திருந்தாரோ? இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. மகளிடம் சொல்லவே முடியாது. இப்படி நினைத்தபோதும் எனக்குள் பெரிய கொந்தளிப்பு எதுவும் இல்லை. மரத்துப்போன காலில் ஊசி குத்துவதைப் பார்த்துக்கொண்டிருப்பது போலத்தான் இருந்தது. குத்துவது மட்டும் தெரிந்தது.

வெடித்துவிட்டால் குண்டு கரைமண்ணுக்குள் போய்விடும். உள்ளே குண்டு இருந்ததா இல்லையா என்பதே தெரியாமல் போய்விடும். எனக்குத் தெரிய வேண்டும். அதனால் மறுநாள் காலை பக்கத்துத் தோட்டக்காரரிடம், வெடிக்க வேண்டாம் தம்பி, உள்ளே இருப்பதை வெளியே எடுங்கள் என்றேன்.

அவர் முகம் மாறியது. அது சிரமமான வேலை, இறுகிப்போயிருக்கும், எதற்கு மதினி வீண் தொந்தரவு என்றார். நான் என் பள்ளிக்கூடக் குரலில், எடுங்கள் என்றேன்.

அவருடைய மோட்டார் கொட்டகை வாசலில், பூப் பறிக்கிறவர்கள் எல்லோரும் போன பிறகு, வேலை தொடங்கியது. முதலில் குழலுக்குள் தண்ணீர் ஊற்றி மருந்தை நனைத்தார். நாங்கள் ஆளுக்கொரு கல்லில் உட்கார்ந்து, அது ஊறட்டும் என்று காத்திருந்தோம். அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். வேப்பமரத்தில் ஒரு காக்கா கத்திக்கொண்டே இருந்தது. பிறகு கம்பியின் முனையில் திருகாணி போல ஒரு சுருளை மாட்டி, குழலுக்குள் விட்டுத் திருகித் திருகி இழுத்தார்.

முதலில் தேங்காய் நார் வந்தது, கறுத்து, நனைந்து. அதன் பின்னால் ஒரு துணித்துண்டு. அவருடைய பழைய கைலியின் நீலக் கட்டம் எனக்குத் தெரிந்தது. அடுத்து ஈயம் வர வேண்டும். நான் குழலின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் நார் வந்தது. பிறகு துப்பாக்கியைத் தலைகீழாகச் சாய்த்தார். மை மாதிரிக் கரியான தண்ணீர் ஒழுகியது. இன்னும் தண்ணீர் ஊற்றிக் கழுவினார், தெளிவாக வந்தது. கடைசியில் கம்பியை உள்ளே விட்டார். டங் என்றது.

குண்டு எங்கே என்று கேட்டேன்.

“குண்டு போடல மதினி. வெறும் வெடி. பாஸ்காவுக்குக் கெட்டிச்சது.”

தண்ணீர் குடிக்க வேண்டும் போல இருந்தது. பாஸ்காவுக்கு என்றால் ஏன் வீட்டிலேயே, அதுவும் முன்கூட்டியே கெட்டித்தார், மைதானத்தில் எல்லோருக்கும் முன்னால் அல்லவா கெட்டிப்பார் என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அவர் என் முகத்தைப் பார்க்காமல் நாரையே நோண்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன்.

எழுந்து கொட்டகைக்குள் போனார். பூச்சிமருந்துப் பாட்டில்களுக்குப் பின்னாலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துவந்து என் கையில் வைத்தார். தீப்பெட்டிக்குள் இருக்க முடியாத கனம். திறந்தேன். பாதி ராவிய குண்டு.

“அண்ணனுக்கு வலது கை நிக்கல மதினி. அரத்தப் பிடிக்க முடியலன்னு விபூதிப் புதனுக்கு முந்தியே எங்கிட்டக் கொண்டாந்து குடுத்தாரு, நீ ராவி வையின்னு. சவரக் கத்தியும் பிடிக்க முடியல. மைதானத்துல எல்லாரும் பாக்கக் கம்பியப் பிடிக்க முடியாதுன்னு, கொஞ்சங்கொஞ்சமா வீட்டுலேயே கெட்டிச்சிருப்பாரு.”

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று தான் சொல்லிப் பார்த்ததாகச் சொன்னார். பாஸ்கா முடியட்டும் என்றாராம் என் கணவர். தவக்காலம் என்று டீச்சர் நம்பிக்கொண்டிருக்கிறாள், அப்படியே இருக்கட்டும், சொன்னால் லீவு போட்டுவிட்டு என்னை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இழுத்துக்கொண்டு அலைவாள் என்றாராம். சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாராம். அந்த மனிதர் இதைச் சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ராவுவதற்குத் தனக்கும் மனசு வரவில்லை, அவர் கை சரியாகிவிட்டால் அவரே ராவட்டும் என்று அப்படியே வைத்திருந்ததாகவும் சொன்னார்.

எனக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அழாதீங்க தம்பி என்று சொன்னதாக நினைவு. கோபம் எல்லாம் செத்துப்போனவர்மேல்தான் வந்தது. மல்லிகைத் தோட்டக்காரருக்குத் தெரிந்திருக்கிறது, பூச்சிமருந்துப் பாட்டிலுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. டாக்டர் கேட்டபோது, ஒன்றும் கிடையாது, நன்றாக இருந்தார் என்று அடித்துச் சொன்னவள் நான். தனக்காகக் கெட்டிக்கவில்லை என்று தெரிந்த நிம்மதி என்னிடம் வீட்டுக்கு வந்து சேரும் வரைக்கும்கூட நிற்கவில்லை.

மறுநாள் துப்பாக்கியை ஒப்படைத்தோம். ரைட்டர் கம்பியை விட்டார். டங் என்றது, தலை வாயோடு சமமாக நின்றது. இப்போது சரி என்றார். எதற்குக் கெட்டித்திருந்தார் என்று அவர் மறுபடியும் கேட்கவில்லை. பாஸ்காவுக்கு என்று நானாகச் சொன்னேன். அதான பார்த்தேன் என்று சந்தோஷப்பட்டார். ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். வரும்போது லோடு ஆட்டோவில் முழங்கால்களுக்கு நடுவில் ஒன்றும் இல்லாததால், கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் மகள் கடைக்குப் போயிருந்தாள். நான் மேஜையில் பேப்பரை விரித்தேன். அவர் உட்காரும் பக்கம் உட்கார்ந்து, தீப்பெட்டியிலிருந்து குண்டை எடுத்து வைத்து, அவருடைய அரத்தால் ராவிப் பார்த்தேன். எதற்கு என்று கேட்டால் காரணம் எதுவும் இல்லை. பாதியில் நிற்பது கண்ணை உறுத்தியது, அவ்வளவுதான். அரம் கொஞ்சம் ஓடியது, பிறகு வழுக்கியது. திருப்பிப் பார்த்தேன். பல்லெல்லாம் ஈயம் அடைத்திருந்தது.

சாக்பீஸ் வேண்டும் என்று எழுந்தேன். பள்ளிக்கூடப் பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் விழுந்ததற்கு முந்தின நாள் மாட்டியது, நடுவில் நான் பள்ளிக்கூடம் போகவே இல்லை, இப்போது கோடை விடுமுறை. ஒரு துண்டாவது இருக்கும் என்று கையை விட்டேன். கை முழுக்க வந்தது. பையை மேஜைமேல் கவிழ்த்தேன். வெள்ளையும் மஞ்சளும் ரோஸுமாகக் கொட்டிக்கொண்டே இருந்தது. சில உருண்டு கீழே விழுந்தன. அடியில் நொறுங்கிப்போனது மாவாகக் கிடந்தது.

பழக்கத்தில் தினமும் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். வாசலில் செருப்பைக் கழற்றியிருக்கிறேன். அவர் கை நீட்டவில்லை. தவக்காலம் முழுவதும் ஒரு நாள்கூட அந்தக் கை நீளவில்லை. நானும் உள்ளே போய்ப் பையை ஆணியில் மாட்டிவிட்டு, என் வீட்டுக்காரர் ஆண்டவருக்காக அரத்தை விட்டுவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

“சாக்பீஸ் இந்தாங்க” என்று வாய்விட்டுச் சொன்னேன். அப்போதுதான் அழுகை வந்தது. மகள் கடையிலிருந்து வந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள், எழுந்துபோய்த் திறக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.